விலாசத்தின் வரலாறு: புக்கிட் பாத்தோக் தெருவிலிருந்து நம் பள்ளிக் கணினி அறை வரை



சென்ற பள்ளி விடுமுறைக்கு முன் நம் லயத்தைச் சேர்ந்த ஓர் அம்மா பள்ளிக்கு வந்தார். அவர் மகன் நம் பள்ளியின் பழைய மாணவன். இப்போது சிங்கப்பூரில் வேலை, புக்கிட் பாத்தோக்கில் ஓர் அறையில் வாடகைக்குத் தங்கியிருக்கிறான். "சார், என் மவன் என்ன வேலை செய்றான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. கேட்டா 'சர்வருக்கு நெட்வொர்க் கார்டு போடுறேம்மா, சப்நெட் பிரிக்கிறேம்மா'ங்கிறான். கம்பி சொருகுற வேலைன்னு லயத்துல பேசிக்கிறாங்க. இதுக்காகவா இவ்வளவு படிக்க வச்சேன்?" என்று கேட்டார்.

அவருக்கு அன்று என்னால் நேரே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்த வேலை எனக்கே அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. அதற்காக நான் பட்ட அவமானத்தைப் பின்னால் சொல்கிறேன். அந்த அம்மாவுக்குத் தரவேண்டிய பதிலையே இந்த மலரில் ஒரு சிறு வரலாறாக எழுதுகிறேன். பொறுமையோடு படியுங்கள். கணினி தெரியாதவர்க்கும் இது விளங்கும், ஏனெனில் இது நமக்குப் பழக்கமான ஒன்றின் வரலாறு. அதன் பெயர் விலாசம்.

ஒரே விலாசத்தில் வாழ்ந்த நாம்

நான் சிறுவனாக இருந்தபோது நம் தோட்டத்தில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. ஊரிலிருந்து கடிதம் வந்தாலும், அரசாங்கத் தாள் வந்தாலும், தோட்டத்து ஆப்பீஸ் விலாசத்துக்குத்தான் வரும். கிராணி ஐயா கட்டை அவிழ்ப்பார், பெயரைப் பார்ப்பார், டிவிஷன் வாரியாகப் பிரிப்பார். பிறகு தண்டல் கையில் கொடுத்தனுப்பி, பெரட்டு நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. மேட்டு லயத்தில் ஒரு முனியாண்டி, பள்ளத்து லயத்தில் இரண்டு முனியாண்டி. ஒருவருக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் பிரித்துப் படித்துவிட்டு, "அடடே, நம்மளுது இல்லியே" என்று திருப்பிக் கொடுத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் கடிதம் தடுமாறும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு ஆகும்.

இருமும் மலையில் எண்களின் ஒழுங்கு

விடுமுறையில் நான் அந்தப் பழைய மாணவனைப் பார்க்கப் புக்கிட் பாத்தோக் போயிருந்தேன். 'புக்கிட்' என்றால் குன்று என்பது நமக்குத் தெரியும். 'பாத்தோக்' என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஜாவானிய மொழியில் தேங்காயைக் குறிக்கும் சொல் என்பர் சிலர். அது 'பாத்தோக்' அல்ல, 'பாத்தோக்' என்று மருவிய மலாய்ச் சொல்லான 'பாத்தூக்', அதாவது இருமல் என்பர் வேறு சிலர். அங்கே கருங்கல் உடைக்க வெடி வைத்தபோது குன்று இருமுவதுபோல ஒலித்ததாம்! அந்தக் கல்லுடைப்புக் குழிகளில் ஒன்றுதான் இன்று 'சின்ன குய்லின்' என்று பெயர் பெற்ற அழகான குளமாக நிற்கிறது. சுற்றிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள். 1990-ல் எம்ஆர்டி நிலையமும் அங்கே திறக்கப்பட்டது.

நான் முதன்முறையாகப் போகிறவன். வழி தெரியாமல் அலைவேன் என்று பயந்தேன். தம்பி தொலைபேசியில் சொன்னான்: "பயப்படாதீங்க சார், புளோக் எண்ணைப் பாருங்க. முதல் எண்ணே எந்தப் பக்கம்னு சொல்லிடும்." உண்மைதான். 200-களில் தொடங்கும் புளோக்குகள் பெரும்பாலும் ஒரு வட்டாரம், அங்குள்ள தெருக்கள் 21, 22 என்று போகும். 300-களில் உள்ளவை வேறு வட்டாரம், அங்கே தெரு 31, 32. 500-களில் உள்ளவற்றுக்குத் தெரு 51, 52. புளோக் எண்ணைப் பார்த்தவுடனேயே பாதி வழி தெரிந்துவிடுகிறது.

அஞ்சல் குறியீட்டிலும் இதே ஒழுங்கு உண்டு. சிங்கப்பூர் 1950-ல் இரண்டு இலக்க அஞ்சல் வட்டாரங்களோடு தொடங்கியது. 1979-ல் நான்கு இலக்கம் ஆயிற்று. 1995-ல் ஆறு இலக்கம் வந்தது. ஆறில் முதல் இரண்டு இலக்கம் பகுதியைக் காட்டும். புக்கிட் பாத்தோக்கில் அது 65. அடுக்குமாடிகளுக்குக் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணேதான். புளோக் 207 என்றால் 650207. கடிதம் பிரிப்பவர் முதலில் 65-ஐ மட்டும் பார்த்தால் போதும். மீதி எண்ணை அந்தப் பகுதிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர்களே, இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு நல்ல விலாசத்துக்கு இரண்டு பகுதி உண்டு. முன்பகுதி 'எந்த இடம்' என்று சொல்லும். பின்பகுதி 'அந்த இடத்தில் யார்' என்று சொல்லும்.

கணினிக்கும் ஒரு விலாசம்

1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பல கணினிகளை ஒரே கம்பியில் இணைத்துப் பேசவைக்கும் முறையைக் கண்டார்கள். அதற்கு ஈதர்நெட் என்று பெயர். 1982-ல் அந்தக் கம்பியைச் சாதாரண மேசைக் கணினியில் மாட்டும் அட்டைகள் கடைக்கு வந்தன. அதுதான் நெட்வொர்க் கார்டு. ஒவ்வொரு கார்டுக்கும் அது செய்யப்படும்போதே ஓர் எண் பதிக்கப்படுகிறது. அதைப் பிறப்புச் சான்றிதழ் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் பிள்ளை யாரென்று தெரியும். இப்போது எந்த ஊரில் குடியிருக்கிறான் என்று தெரியுமா? தெரியாது. அதற்குத்தான் விலாசம் வேண்டும்.

அந்த விலாசத்தை 1981 செப்டம்பரில் வெளிவந்த ஒரு விதித்தாள் வகுத்தது. நான்கு எண்கள், நடுவில் புள்ளி. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 192.168.10.21 என்பது போல. இதைத்தான் ஐபி விலாசம் என்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் உலகத்துக்கு மொத்தம் 429 கோடியே 49 லட்சம் விலாசங்கள். "அம்மாடி, இது தீரவே தீராது" என்றுதான் அன்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் பங்கிட்ட விதத்தில்தான் கோளாறு. பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று வகுப்பு வைத்தார்கள். பெரிய பங்கு வாங்கியவருக்கு 1 கோடியே 67 லட்சம் விலாசம். நடுத்தரப் பங்குக்கு 65,536. சிறிய பங்குக்கு 256. இரண்டாயிரம் கணினி வைத்திருக்கும் ஒரு கல்லூரிக்கு எதைக் கொடுப்பது? சிறியது போதாது. நடுத்தரம் கொடுத்தால் 63,000-க்கு மேல் சும்மா கிடக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு, 18 என்று தொடங்கும் விலாசம் எல்லாமே கிடைத்திருந்தது. அவ்வளவும் தேவைப்படாமல், 2017-ல் அதில் ஒரு பெரும் பகுதியை விற்றுவிட்டார்கள். முதலில் வந்தவர் மலையையே வளைத்துக்கொண்டார். பின்னால் வருபவர் என்ன செய்வார் என்று யாரும் யோசிக்கவில்லை.

தோட்டத்தை டிவிஷனாகப் பிரித்தவர்கள்

இந்த இடத்தில்தான் 'சப்நெட்' பிறக்கிறது. நாம் இதைத் துணைவலை எனலாம். 1985 ஆகஸ்டில் ஜெஃப்ரி மோகல், ஜான் போஸ்டல் என்ற இருவர் இதற்கு விதி எழுதினார்கள். அவர்கள் சொன்னது இதுதான்: வெளியாருக்கு ஒரே தோட்டமாகத் தெரியட்டும். உள்ளே டிவிஷனாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எத்தனை டிவிஷன் என்பது வெளியாருக்குத் தெரிய வேண்டியதில்லை. நம் தோட்டம் நடந்ததும் அப்படித்தானே!

எங்கே இடத்தின் பெயர் முடிகிறது, எங்கே ஆளின் எண் தொடங்குகிறது என்று காட்டுவதற்கு ஒரு 'மறைப்பு எண்' வைத்தார்கள். சப்நெட் மாஸ்க் என்பது அதுதான். 255.255.255.0 என்று எழுதினால், முதல் மூன்று எண்ணும் இடத்தைக் குறிக்கும். கடைசி எண் மட்டும் ஆளைக் குறிக்கும். ஒரு கணினி யாருக்காவது செய்தி அனுப்பும்போது தன் விலாசத்தையும் பெறுபவர் விலாசத்தையும் இந்த மறைப்பு எண்ணை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும். இடம் ஒன்றாக இருந்தால், "அட, நம்ம லயந்தான்" என்று பெரட்டில் கூப்பிடுவதுபோல நேரே கூப்பிட்டுக் கொடுத்துவிடும். இடம் வேறு என்றால் வாசலில் இருக்கும் கணினியிடம் ஒப்படைத்துவிடும். அந்த வாசலுக்கு கேட்வே என்று பெயர். நம் கிராணி ஐயா செய்த வேலை!

ஆறாம் ஆண்டு மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். கடைசி எண்ணுக்கு 256 இடம் உண்டு. அதை நான்கு டிவிஷனாகப் பிரித்தால்? ஒவ்வொன்றிலும் 64. முதல் டிவிஷன் 0 முதல் 63 வரை, அடுத்தது 64 முதல் 127 வரை, மூன்றாவது 128 முதல் 191 வரை, நான்காவது 192 முதல் 255 வரை. ஒவ்வொரு டிவிஷனிலும் முதல் எண் அந்த டிவிஷனின் பெயர்; கடைசி எண் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் பெரட்டு மணி. இந்த இரண்டையும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. மீதி 62 கணினிக்கு இடம். மறைப்பு எண் 256-ல் 64 கழித்தால் வருவது, அதாவது 255.255.255.192. பார்த்தீர்களா, வகுத்தலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

சிங்கப்பூரும் தமிழும் சேர்ந்த வேளை

நம் பக்கத்து நாடு இந்த வலையில் எப்போது சேர்ந்தது? 1987-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பிட்நெட் என்ற பல்கலைக்கழக வலையில் இணைந்தது. 137.132 என்று தொடங்கும் 65,536 விலாசங்கள் அதற்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்களுக்காக டெக்நெட் என்ற சேவை அங்கே பிறந்தது. 1994-ல் பொதுமக்களும் பணம் கட்டிச் சேரும்படி சிங்நெட் வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டே தமிழ் அந்த வலையில் ஏறியது என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். புக்கிட் தீமா சாலையில் அப்போது தேசியக் கல்விக் கழகம் இருந்தது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் அந்தக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. கணினியில் தமிழ் எழுதுவதற்குக் 'கணியன்' என்ற முறையை உருவாக்கியவர் அவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையப் பக்கத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தபோது, அதில் தமிழும் தன் எழுத்திலேயே நின்றது. அந்தத் தமிழ்ப் பக்கத்துக்குப் பின்னால் நின்றவர் கோவிந்தசாமி. 1999-ல் அவர் மறைந்தார். 2011-ல் '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் இணையப் பெயரும் நடைமுறைக்கு வந்தது. சக ஆசிரியன் என்ற முறையில் நான் இதை நினைத்துப் பார்க்கிறேன். ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்ன ஒருவர், கணினி தன் வேலையல்ல என்று ஒதுங்கியிருந்தால் அந்தப் பக்கத்தில் நம் எழுத்து நின்றிருக்குமா?

பின்னால் வந்தவர்க்கு என்ன மிஞ்சியது?

ஆசியாவும் பசிபிக்கும் சேர்ந்த நம் வட்டாரத்துக்கு விலாசங்களைப் பங்கிட ஏப்னிக் என்ற அமைப்பு 1993-ல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் பெரிது, நடுத்தரம், சிறிது என்ற பழைய மூன்று வகுப்பையும் கைவிட்டு, தேவைக்கேற்ற அளவில் வெட்டிக் கொடுக்கும் முறை வந்தது. அது சப்நெட் கணக்கின் பிள்ளைதான். இருந்தும் கையிருப்பு கரைந்தது. 2011 பிப்ரவரி 3-ல் உலகப் பொதுக் களஞ்சியத்தில் இருந்த கடைசி ஐந்து பெரிய பங்குகளும் ஐந்து வட்டாரங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. ஏப்ரல் 15-ல் நம் வட்டாரம் பங்கீட்டுக்கு வந்தது. புதிதாகக் கேட்டவருக்கு அதிகபட்சம் 1,024 விலாசம்தான். ஒருவருக்கு ஒரு கோடி கொடுத்த காலம் எங்கே, ஆயிரத்து இருபத்து நான்கு எங்கே!

பிறகு இத்தனை கோடி கைப்பேசியும் கணினியும் எப்படிப் பேசுகின்றன? இங்கேதான் நம் தோட்டத்து ஆப்பீஸ் மறுபடி வருகிறது. 1996-ல் சில விலாசங்களை 'வீட்டுக்குள் மட்டும்' என்று ஒதுக்கி உறுதி செய்தார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168 என்று தொடங்குபவை. இவற்றை யாரும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். வெளியுலகுக்கு மட்டும் ஒரே விலாசம். வாசலில் இருக்கும் கருவி, யார் என்ன கேட்டார் என்று குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கும். ஒரே விலாசத்தில் ஒரு தோட்டமே வாழ்ந்த கதைதான் இது.

இது நிரந்தரத் தீர்வு ஆகாது. அதனால் இன்னும் நீண்ட புதிய விலாச முறையையும் வகுத்துவிட்டார்கள். ஆனாலும் பழையதும் புதியதும் இன்றுவரை சேர்ந்தேதான் நடக்கின்றன.

நான் பட்ட பாடு

இனி என் கதைக்கு வருகிறேன். நம் பள்ளிக் கணினி அறையில் 24 கணினிகளும் ஒரு சர்வரும் இருப்பது உங்களுக்குத் தெரியும். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று வெளியே இணையத்தைப் பார்த்தது, மற்றது உள்ளே பிள்ளைகளின் கணினிகளைப் பார்த்தது. பெற்றோர் நாளன்று எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று நானே உட்கார்ந்து எண்களை இட்டேன். வெளிக் கார்டுக்கு 192.168.1.5. உள் கார்டுக்கு 192.168.1.10. இரண்டுக்கும் மறைப்பு எண் 255.255.255.0. இரண்டிலும் கேட்வே இட்டேன். "ரெண்டும் வேற வேற எண்தானே" என்று எனக்கு ஒரு திருப்தி.

பெற்றோர் வந்தார்கள். வேலை முடித்துக் குளித்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கதவருகே தயங்கித் தயங்கி நின்றார்கள். ஒரு கணினியும் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு தகப்பனார் தம் மகன் தோளில் கை வைத்து, "வாடா போலாம். இதெல்லாம் நமக்கு எட்டாதுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன குரலில் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. தவறு என்னுடையது, பழியோ அந்தப் பிள்ளையின் தலையில்!

மூன்று நாள் கேபிளை மாற்றினேன், கார்டை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் புக்கிட் பாத்தோக் தம்பிக்குத் தொலைபேசி போட்டேன். எண்களைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"சார், ரெண்டு வாசலுக்கும் ஒரே தெருப் பேரு வச்சிருக்கீங்க. பிள்ளைக்குப் பதில் சொல்லணும்னா எந்த வாசல் வழியா போறதுன்னு சர்வருக்கு எப்படித் தெரியும்? அது வெளி வாசல்ல நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கு, பிள்ளைங்க உள்ள உக்காந்திருக்காங்க."

அவன் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். வெளிக் கார்டு பழையபடியே 192.168.1.5. உள் கார்டுக்கு 192.168.10.1. பிள்ளைகளின் கணினிகளுக்கு 192.168.10.21 முதல் 192.168.10.44 வரை, ஆளுக்கொன்று, இரண்டு முனியாண்டி வராதபடி. அவர்களுக்குக் கேட்வே சர்வரின் உள் கார்டு. சர்வருக்குக் கேட்வே ஒன்றே ஒன்று, அதுவும் வெளிக் கார்டில் மட்டும். உள்ளிருந்து வருவதை வாங்கி வெளியே சேர்க்கும் கிராணி வேலையைச் சர்வரே பார்க்கும்படி அமைத்தோம். அரை மணி நேரத்தில் 24 கணினியும் பேசின. நான் அந்தத் தகப்பனார் வீட்டுக்குப் போய், "அண்ணே, அன்னைக்குத் தப்பு என்மேலதான். எட்டாததுன்னு ஒண்ணுமில்ல, ஒரு எண்ணைத் தப்பா போட்டுட்டேன். பையனை அனுப்புங்க" என்றேன். மறுநாள் பையன் வந்தான். இன்று அந்த 24 எண்ணையும் பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பது அவன் கையெழுத்தில்தான்.

முடிவாக ஒரு சொல்

அம்மா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். உங்கள் மகன் செய்வது கம்பி சொருகும் வேலை மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு வீட்டு எண் கொடுத்து, தெரு பிரித்து, வாசல் காட்டி, ஒருவர் கடிதம் இன்னொருவர் கைக்குப் போகாமல் காக்கும் வேலை. ஒரு காலத்தில் நம் தாத்தா பாட்டிகளுக்குச் சொந்தமாக ஒரு விலாசம் இருந்ததில்லை. இன்று அவர்களின் பேரன் உலகத்துக்கு விலாசம் பிரித்துக் கொடுக்கிறான். லயத்தில் யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

பெற்றோர்களே, கணினி அறை விளையாட்டு அறை என்று எண்ணிவிடாதீர்கள். மாணவர்களே, வாய்ப்பாட்டைப் பாரமாக எண்ணாதீர்கள். முதலில் வந்தவர் மலையை வளைத்துக்கொண்டாலும், பிரிக்கத் தெரிந்தவன் கடைசியில் வந்தாலும் தனக்கும் பிறர்க்கும் இடம் கண்டுபிடிப்பான். கணினி அறைக் கதவு செவ்வாயும் வியாழனும் மாலை திறந்திருக்கும். பிள்ளையோடு நீங்களும் வாருங்கள். அந்த 24 எண்களில் உங்கள் பிள்ளையின் எண் எதுவென்று அவனையே காட்டச் சொல்லுங்கள்.